ஆக்‌ஷன் ஃபிகர் லைசென்ஸ்: பொம்மைக் கம்பெனிகள் அதை எப்படி வாங்குகின்றன? முழுமையான வழிகாட்டி

பேட்மேன் அதே பேட்மேன்தான். பெட்டிமேல் இருக்கும் கம்பெனிப் பெயர்தான் மாறிக்கொண்டே வருகிறது. எழுபதுகளில் மீகோ செய்தது. 1984இல் கென்னர். 1989இல் படம் வந்தபோது டாய் பிஸ், அடுத்த வருடமே மறுபடியும் கென்னர். கென்னர் ஹாஸ்ப்ரோ கைக்குப் போனதும் ஹாஸ்ப்ரோ. 2003இல் மேட்டல். 2020இல் மெக்ஃபார்லேன் டாய்ஸும் ஸ்பின் மாஸ்டரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். 2026 ஜூலையிலிருந்து மறுபடியும் மேட்டல் என்று 2024 கடைசியில் அறிவிப்பு வந்தது. இத்தனை கை மாறியும் பேட்மேனை இவர்களில் யாரும் விலைக்கு வாங்கவில்லை. வாங்கியதெல்லாம் காலக்கெடு போட்ட ஓர் அனுமதி. அதற்குத்தான் லைசென்ஸ் என்று பேர்.

அந்த அனுமதி எப்படிக் கிடைக்கிறது, அதற்கு என்ன விலை, கிடைத்த பிறகு என்னவெல்லாம் படவேண்டியிருக்கிறது என்பதை வரிசையாகப் பார்ப்போம். ஆக்‌ஷன் ஃபிகர், அதாவது கை கால் அசையும் கதாபாத்திரப் பொம்மைகள், சேகரிக்கிறவர்களுக்கு "இந்தக் கதாபாத்திரத்தை ஏன் யாரும் செய்யவில்லை?" என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும். வீட்டில் 3டி பிரிண்டர் வைத்துக்கொண்டு, சட்டப்படி ஒரு சின்ன வரிசை கொண்டுவரலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு இது இன்னும் உபயோகப்படும்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். கையில் பணம் இருந்தால் லைசென்ஸ் கிடைத்துவிடும் என்று நினைத்துக்கொண்டுதான் பலரும் வருகிறார்கள். பணம் வேண்டும்தான். ஆனால் உரிமையாளர் முதலில் பார்ப்பது, நீங்கள் அந்தப் பொம்மையைக் கடை அலமாரி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பீர்களா என்பதைத்தான். கீழே வரும் எல்லாப் படிகளும் அந்த ஒரு சந்தேகத்தைச் சுற்றித்தான் வருகின்றன.

படி 1: சொத்து யாருடையது?

ஒரு ஃபிகரில் பல பேருடைய உரிமை அடுக்கடுக்காக இருக்கும். கதாபாத்திரம் ஒருவருடையது. அது தோன்றிய படம் இன்னொருவருடையது. முகம் நடிகருடையது. மார்பில் இருக்கும் சின்னம் பதிவு செய்த வணிகக்குறி. இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் பொம்மை கடைக்குப் போகாது.

ஸ்பைடர்மேனை எடுத்துக்கொள்ளுங்கள். படம் எடுப்பது சோனி. அதனால் பொம்மைக்கும் சோனியிடம் போகவேண்டும் என்று தோன்றும். ஆனால் படத்தை ஒட்டிய வணிகப் பொருட்களில் சோனிக்கு இருந்த பங்கை டிஸ்னி 2011இல் வாங்கிவிட்டது. ஆக, கதவைத் தட்டவேண்டிய இடம் டிஸ்னி. ஜப்பானிய அனிமேக்கள் இதைவிடச் சிக்கல். அங்கே பெரும்பாலான தொடர்களுக்குப் பதிப்பகம், அனிமேஷன் ஸ்டுடியோ, தொலைக்காட்சி, இசை நிறுவனம் என்று பலர் சேர்ந்த ஒரு தயாரிப்புக் குழு பணம் போட்டிருக்கும். பொம்மைக் கம்பெனியே அந்தக் குழுவில் உறுப்பினராக இருப்பதும் உண்டு. அப்படியிருந்தால் வெளியாள் நுழைவது லேசில்லை.

அடுத்தது முகம். ஸ்டுடியோ தன் கதாபாத்திரத்தைக் கொடுத்தாலும், நடிகரின் முகத்தைக் கொடுக்க அதற்கு அதிகாரம் இருக்கிறதா என்பது அவர் படத்துக்குப் போட்ட ஒப்பந்தத்தைப் பொறுத்தது. 'ஏலியன்ஸ்' படத்தின் நாயகி ரிப்ளிக்குப் பல வருடம் முன்பே பொம்மை வந்துவிட்டது. அதில் சிகோர்னி வீவரின் முகம் இல்லை, யாரோ ஒரு பெண்ணின் முகம்தான். அவருடைய அசல் சாயலோடு செய்ய நெக்கா கம்பெனிக்கு வழி கிடைத்தது 2010களின் நடுவில்தான். முகமூடி போட்ட வீரர்களும் ரோபோக்களும் வேற்றுக்கிரக ஜந்துக்களும் கடையில் நிறையக் கிடைப்பதற்கு இது ஒரு காரணம். அவர்களுடைய முகத்துக்குத் தனியாக யாரிடமும் கையெழுத்து வாங்கவேண்டியதில்லை.

நம் நாட்டிலும் இது விளையாட்டில்லை. பாடகர் தலேர் மெஹந்தியைப் போலவே தலைப்பாகையோடு, அவர் பாட்டைப் பாடும் பொம்மைகளை விற்ற கடைகள்மேல் அவருடைய நிறுவனம் வழக்குப் போட்டது. 2010இல் டெல்லி உயர் நீதிமன்றம் அவர் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. ரஜினிகாந்தின் பெயரையும் சாயலையும் பாணியையும் அவர் அனுமதியில்லாமல் ஒரு இந்திப் படம் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2015இல் தடை விதித்தது. ஆகவே ஒரு தமிழ்ப் பட நாயகனை ஆறு அங்குலத்தில் வார்க்க ஆசைப்பட்டால், தயாரிப்பாளரின் கடிதம் மட்டும் போதாது. நடிகரின் சம்மதமும் எழுத்தில் வேண்டும்.

யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் ஒரு சுலபமான வழி உண்டு. அதே கதாபாத்திரத்தின் டி-ஷர்ட், நோட்டுப் புத்தகம், சாப்பாட்டு டப்பா எதையாவது எடுத்துப் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படியுங்கள். பதிப்புரிமை வரியில் உரிமையாளர் பெயர் இருக்கும். பெரிய ஸ்டுடியோக்களில் கன்ஸ்யூமர் புராடக்ட்ஸ் என்று தனிப் பிரிவே இருக்கிறது. சின்ன உரிமையாளர்கள் லைசென்சிங் ஏஜென்ட் வழியாகத்தான் பேசுவார்கள். அந்த ஏஜென்ட்டின் கமிஷன் பொதுவாக உரிமையாளருக்கு விற்பனையில் பங்காகப் போகும் ராயல்டியிலிருந்துதான் கழியும்.

படி 2: எந்தத் துண்டு வேண்டும்?

"மார்வெல் லைசென்ஸ் வேண்டும்" என்று யாராவது சொன்னால் இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். லைசென்ஸ் முழுசாகக் கிடைக்காது, துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். என்ன அளவு, என்ன விலை, எந்த நாடு, எந்த வகைக் கடை, எத்தனை வருடம், படத்தின் தோற்றமா காமிக்ஸின் தோற்றமா என்று ஒவ்வொன்றும் தனித் துண்டு.

அயர்ன் மேனைப் பாருங்கள். ஆறு அங்குல அளவில் பொதுக் கடைகளுக்கு ஹாஸ்ப்ரோ செய்கிறது. அதே அயர்ன் மேனை 1/6 அளவில் (நிஜ உருவத்தில் ஆறில் ஒரு பங்கு), பல நூறு டாலர் விலையில் ஹாங்காங்கின் ஹாட் டாய்ஸ் செய்கிறது. ஒருவர் சந்தையில் இன்னொருவர் குறுக்கிடாதபடி அளவும் விலையும் பிரிந்திருக்கின்றன. 2020இல் பேட்மேனின் காமிக்ஸ் நிறுவனமான டிசியின் உரிமையைப் பிரித்தபோதும் இதே கணக்குதான். ஏழு அங்குலம் மெக்ஃபார்லேனுக்கு, சிறுவர்களுக்கான நான்கு அங்குலமும் பன்னிரண்டு அங்குலமும் ஸ்பின் மாஸ்டருக்கு. ஏற்கெனவே யார் எந்தத் துண்டை வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து, காலியாக இருக்கும் துண்டைக் கேட்பவருக்குத்தான் பேச்சே தொடங்கும்.

நாடு என்பதும் ஒரு துண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபன்ஸ்கூல், எம்ஆர்எஃப்பும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987இல் தொடங்கியது. ஹாஸ்ப்ரோவின் அச்சுகளை வைத்துக் கோவாத் தொழிற்சாலையில் ஜி.ஐ. ஜோ வீரர்களை வார்த்து இந்தியச் சந்தைக்குக் கொடுத்தார்கள். அச்சு அதேதான் என்றாலும் வர்ணம் பல சமயம் அமெரிக்கப் பதிப்போடு ஒத்துப்போகாது. அந்த விசித்திர வர்ணங்களுக்காகவே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்றைக்கும் ஃபன்ஸ்கூல் ஜோக்களைத் தேடிப் பிடிக்கிறார்கள்.

படி 3: எட்டும் தூரத்தில் இருக்கிற கதாபாத்திரம்

புதுக் கம்பெனிக்கு ஸ்டார் வார்ஸ் கிடைக்காது. ஆசைப்படலாம், விண்ணப்பத்தில் நேரத்தை வீணாக்கவேண்டாம். சின்னக் கம்பெனிகள் வளர்ந்த வழிகள் வேறு.

ஒன்று, பெரியவர்கள் தொடத் தயங்குவதை எடுப்பது. டாட் மெக்ஃபார்லேன் 1994இல் கம்பெனி தொடங்கியது தன்னுடைய சொந்தக் கதாபாத்திரமான ஸ்பானை வைத்துத்தான். அதில் உரிமையாளரும் தயாரிப்பாளரும் அவரே. செதுக்கலின் தரத்தால் பேர் வாங்கிய பிறகு, 1998இல் 'மூவி மேனியாக்ஸ்' என்ற வரிசையில் திகில் பட வில்லன்களைக் கொண்டுவந்தார். குழந்தைகளுக்கான பெரிய கம்பெனிகளுக்கு ரத்தக்கறை படிந்த கொலைகாரர்களின் பொம்மை ஒத்துவராது. அவர் அந்த இடத்தில் நுழைந்தார்.

இன்னொன்று, பழையதை எடுப்பது. கென்னர் 1979இல் 'ஏலியன்' படத்துக்கு 3.75 அங்குல ஃபிகர்கள் செய்யத் திட்டமிட்டு, மாதிரி வரைக்கும் போய்க் கைவிட்டது. 2013இல் சூப்பர்7 என்ற கம்பெனி அந்த விட்டுப்போன வரிசையையே லைசென்ஸ் வாங்கி வெளியிட்டது. முப்பது வருடம் முன்பு வராமல்போன பொம்மைக்காகக் காத்திருந்தவர்கள் எத்தனை பேர் என்பது அப்போதுதான் தெரிந்தது.

மூன்றாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது: யாருக்கும் தெரியாததை எடுப்பது. 1984இல் கெவின் ஈஸ்ட்மேனும் பீட்டர் லேர்டும் சொந்தக் காசில் மூவாயிரம் பிரதி அச்சடித்த கறுப்பு வெள்ளைக் காமிக்ஸ்தான் நிஞ்ஜா டர்டில்ஸ். மார்க் ஃபிரீட்மேன் என்ற லைசென்சிங் ஏஜென்ட் அதைத் தூக்கிக்கொண்டு பொம்மைக் கம்பெனிகளின் படி ஏறினார். பெரியவர்கள் வேண்டாம் என்றார்கள். கடைசியில் பிளேமேட்ஸ் ஒத்துக்கொண்டது, ஆனால் தொலைக்காட்சியில் கார்ட்டூன் வரவேண்டும் என்று கேட்டது. 1987 டிசம்பரில் ஐந்து எபிசோட் ஒளிபரப்பானது. 1988இல் பொம்மை கடைக்கு வந்தது. அதற்கப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். இதில் கவனிக்கவேண்டியது பிளேமேட்ஸ் வைத்த அந்த நிபந்தனையைத்தான். லைசென்ஸ் பேச்சில் கேட்கிற இடத்தில் இருப்பது எப்போதும் உரிமையாளர் மட்டும் அல்ல. பொம்மைக் கம்பெனியும் கேட்கலாம்.

படி 4: விண்ணப்பமும் பிட்ச்சும்

பெரிய உரிமையாளர்களிடம் விண்ணப்பப் படிவம் இருக்கும். கம்பெனியின் மூன்று வருடக் கணக்கு, இதுவரை செய்த பொருட்கள், வேறு யாருடைய லைசென்ஸ் இருக்கிறது, எந்தெந்தக் கடைகளில் விற்கிறீர்கள், தொழிற்சாலை எங்கே, இன்சூரன்ஸ் உண்டா, வருடம் எவ்வளவு விற்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்றெல்லாம் கேட்பார்கள். இந்தக் கடைசிக் கேள்வியில் ஜாக்கிரதை. ஆர்வக்கோளாறில் பெரிய எண்ணை எழுதிவிட்டால், விற்காவிட்டாலும் நீங்கள் கொடுக்கவேண்டிய கட்டாயத் தொகையை நிர்ணயிக்கும்போது அந்த எண்ணையே எடுத்து உங்கள் முன்னால் வைப்பார்கள்.

நேரில் சந்திக்க லாஸ் வேகாஸில் நடக்கும் லைசென்சிங் எக்ஸ்போ, லண்டனில் பிராண்ட் லைசென்சிங் யூரோப், நியூரம்பர்க் பொம்மைக் கண்காட்சி, நியூயார்க் டாய் ஃபேர் எல்லாம் இருக்கின்றன. அங்கே போய்க் கியூவில் நின்றுவிடலாம் என்று எண்ணவேண்டாம். சந்திப்பு நேரமெல்லாம் முன்கூட்டியே நிரம்பிவிடும்.

பிட்ச்சில், அதாவது உங்கள் யோசனையை உரிமையாளரிடம் எடுத்துச் சொல்லும்போது, காட்டவேண்டியது ஓவியமும் ஒரு செதுக்கிய மாதிரியும். உரிமம் இல்லாமல் அவர்களுடைய கதாபாத்திரத்தைச் செய்து விற்றிருந்தால் கதை அங்கேயே முடிந்தது. உங்கள் சொந்தக் கதாபாத்திரத்தையோ, ஏற்கெனவே முறைப்படி செய்ததையோ காட்டுங்கள். இவற்றையெல்லாம் விட வலுவானது ஒரு பெரிய கடை வாங்குநரின் "இது வந்தால் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்" என்ற வார்த்தை. அது எழுத்தில் இருந்தால் பேச்சின் தொனியே மாறும். நான் பார்த்தவரை சின்னக் கம்பெனிகள் செதுக்கலில் மாதக்கணக்காக மெனக்கெட்டுவிட்டு, எங்கே விற்பது என்ற பக்கத்தை இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். உரிமையாளர் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

ஒத்துவந்தால் முதலில் வருவது டீல் மெமோ. இரண்டு மூன்று பக்கத்தில் முக்கிய நிபந்தனைகள் மட்டும் இருக்கும். முழு ஒப்பந்தம் பின்னால் வரும், அது ஐம்பது பக்கம் கூடப் போகலாம். பேரம் பேசவேண்டியது மெமோவில்தான். அதில் தலையாட்டிவிட்டு ஒப்பந்தம் வந்த பிறகு கேட்டால் யாரும் காது கொடுக்கமாட்டார்கள்.

படி 5: பணக் கணக்கு

மூன்று சொற்களைப் பிரித்துத் தெரிந்துகொள்ளவேண்டும்: ராயல்டி, அட்வான்ஸ், மினிமம் கேரண்டி.

ராயல்டி என்பது விற்பனையில் ஒரு சதவீதம். கடையில் வாங்குபவர் கொடுக்கும் விலையில் இது கணக்கிடப்படுவதில்லை, கம்பெனி கடைக்காரருக்குக் கொடுக்கும் மொத்த விலையில்தான். பொம்மைகளுக்குப் பொதுவாக 10 சதவீதத்தை ஒட்டி, கதாபாத்திரத்தின் மவுசைப் பொறுத்து 15 வரைக்கும் அதற்கு மேலேயும் போகும். கடைக்காரர் சீனத் துறைமுகத்திலேயே சரக்கை ஏற்றுக்கொள்ளும் எஃப்ஓபி விற்பனையில் மொத்த விலை குறைவு என்பதால், அதற்கு ராயல்டி விகிதத்தைச் சில புள்ளி ஏற்றிக் கேட்பார்கள். விளம்பர நிதி என்று தனியாக ஒன்றிரண்டு சதவீதம் கேட்கிற உரிமையாளர்களும் உண்டு.

மினிமம் கேரண்டி என்பது விற்றாலும் விற்காவிட்டாலும் கொடுத்தே ஆகவேண்டிய தொகை. மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர் மரம் காய்த்தாலும் காய்க்காவிட்டாலும் பேசிய பணத்தை எண்ணி வைப்பதைப் போலத்தான். அதில் ஒரு பகுதியைக் கையெழுத்துப் போடும்போதே கொடுப்பது அட்வான்ஸ். அது பின்னால் வரும் ராயல்டியில் கழியும்.

ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். கடையில் 25 டாலருக்கு விற்கும் ஃபிகர். கடைக்காரருக்குக் கொடுப்பது சுமார் 12.50. ராயல்டி 12 சதவீதம் என்றால் ஒரு ஃபிகருக்கு 1.50 டாலர். இரண்டு வருடத்துக்கு 2,00,000 டாலர் மினிமம் கேரண்டி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அதை விற்பனையிலிருந்தே ஈடுகட்ட 1,33,333 ஃபிகர் விற்கவேண்டும். வரிசையில் எட்டுக் கதாபாத்திரம் என்றால் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 16,700. ஆனால் நாயகன் விற்பதுபோலத் துணைப் பாத்திரம் விற்காது. நாயகன் தீர்ந்துபோய், துணைப் பாத்திரம் அலமாரியில் தூசி படிந்து நிற்கும். அலமாரி காலியாகாவிட்டால் கடைக்காரர் அடுத்த வரிசையை எடுக்கமாட்டார். கேரண்டித் தேதி மட்டும் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். கம்பெனிகள் விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இதற்கு மேல் அச்சுச் செலவு வேறு. ஒரு புது ஃபிகருக்கான எஃகு அச்சுக்கே பல பத்தாயிரம் டாலர் ஆகும். அதனால்தான் பெரிய கம்பெனிகள் ஒரே உடம்பைப் பத்து வீரர்களுக்குப் போட்டுத் தலையையும் வர்ணத்தையும் மட்டும் மாற்றுகின்றன. சேகரிப்பாளர்கள் இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவார்கள். கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் திட்ட மனம் வராது.

மேல்மட்டத்தில் எண்கள் வேறு உயரத்தில் இருக்கும். 2006இல் ஹாஸ்ப்ரோ ஐந்து வருட மார்வெல் ஒப்பந்தம் போட்டபோது, மார்வெலுக்கு வரவிருந்த குறைந்தபட்சத் தொகை 205 மில்லியன் டாலர். அதில் ஒரு பகுதி ஸ்பைடர்மேன் படங்கள் திரைக்கு வந்தால்தான் என்ற நிபந்தனைக்கு உட்பட்டது. நீங்கள் எவ்வளவு சின்ன ஒப்பந்தம் போட்டாலும் இந்த யோசனையைக் கடன் வாங்குங்கள். படத்தை நம்பிப் பொம்மை செய்தால், படம் தள்ளிப்போனால் கேரண்டித் தேதியும் தள்ளிப்போகவேண்டும் என்று எழுதி வாங்கவேண்டும்.

பணமே கொடுக்காமல் லைசென்ஸ் வாங்கிய கதையும் ஒன்று உண்டு. 1993இல் டாய் பிஸ் தன் கம்பெனியின் 46 சதவீதப் பங்கை மார்வெலுக்குக் கொடுத்தது. பதிலுக்கு ராயல்டியே இல்லாமல், காலவரையறையும் இல்லாமல் மார்வெல் கதாபாத்திரங்களைச் செய்யும் தனியுரிமையை வாங்கிக்கொண்டது. 1996இல் மார்வெல் திவாலானது. 1998இல் டாய் பிஸ் மார்வெலோடு இணைந்தபோது நிர்வாகம் டாய் பிஸ்காரர்கள் கையில் வந்தது. பொம்மை செய்ய அனுமதி வாங்கப் போனவர்கள், அனுமதி கொடுக்கிற இடத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டார்கள். இதைப் பார்த்து யாரும் திட்டம் போடவேண்டாம்.

படி 6: ஒப்பந்தத்தில் கண் வைக்கவேண்டிய இடங்கள்

தனியுரிமையா பொதுவா என்பது முதல் கேள்வி. தனியுரிமை என்றால் அந்தத் துண்டில் வேறு யாரும் வரமுடியாது, விலை கூடும். பொது என்றால் நாளைக்கே இன்னொருவர் அதே அளவில் இறங்கலாம்.

நீங்கள் செதுக்கிய சிற்பம் யாருக்குச் சொந்தம் என்று பாருங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் அது உரிமையாளருக்கே போய்விடும். அச்சின் இரும்பு உங்களுடையது, அதிலிருந்து வரும் உருவம் அவர்களுடையது. ஆகவே கதாபாத்திரத்தின் அடையாளம் இல்லாத பொது உடம்பு, மூட்டு அமைப்பு போன்றவற்றை விலக்கி எழுதி வாங்கமுடிந்தால் நல்லது.

பொம்மையால் யாருக்காவது காயம் பட்டால் பொறுப்பு உங்கள்மேல்தான் என்று இருக்கும். உரிமையாளர் பெயரையும் சேர்த்து இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்வார்கள், தொகை பெரும்பாலும் மில்லியன் டாலரில். முதல் பொருள் எந்தத் தேதிக்குள் கடைக்கு வரவேண்டும் என்ற வரியும் இருக்கும். லைசென்ஸை வாங்கிப் பெட்டியில் பூட்டிவைப்பவர்களைத் தடுக்கத்தான் அது. அப்ரூவல் தாமதத்துக்கு அவர்களே காரணமானால் அந்தத் தேதி நகரும் என்று ஒரு வரி சேர்க்கப் பாருங்கள்.

படி 7: அப்ரூவல்

கையெழுத்து ஆனதும் உரிமையாளர் ஸ்டைல் கைடு என்ற கோப்பைத் தருவார். கதாபாத்திரத்தின் எல்லாப் பக்கத் தோற்றமும், பேண்டோன் வர்ண எண்களும், லோகோவைச் சுற்றி எவ்வளவு இடம் விடவேண்டும் என்பதும், கதாபாத்திரம் எதையெல்லாம் கையில் பிடிக்கக் கூடாது என்பதும் கூட அதில் இருக்கும்.

பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி அனுமதி. முதலில் கருத்து ஓவியம். அது தேறினால் டிஜிட்டல் செதுக்கல். அப்புறம் 3டி பிரிண்ட் செய்த மாதிரி. பிறகு கையால் வர்ணம் தீட்டிய மாதிரி. தொழிற்சாலை பார்த்துச் செய்யவேண்டிய மூலம் இதுதான். அடுத்தது அச்சிலிருந்து வரும் முதல் வார்ப்பு, அதை டெஸ்ட் ஷாட் என்பார்கள். ஏதாவது ஒரு நிறப் பிளாஸ்டிக்கில் வர்ணமே இல்லாமல் வரும். பிறகு பெட்டியின் வடிவமைப்பு, கடைசியில் உற்பத்தி வரிசையிலிருந்து எடுத்த மாதிரி. ஒவ்வொன்றிலும் "திருத்து" என்று திரும்பி வரலாம். வாரக்கணக்கில் பதிலே வராமலும் இருக்கலாம்.

அதிகம் திரும்பி வருவது முகம். ஆறு அங்குல ஃபிகரில் தலை ஒரு பெரிய கடலைக்கொட்டை அளவுதான் இருக்கும். அதில் கண்மணி அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் நாயகன் மாறுகண்காரனாகிவிடுவான். தொழிற்சாலையில் முன்பெல்லாம் பேட் பிரிண்டிங் முறையில், மெத்தென்ற சிலிக்கான் முத்திரையால் ஒவ்வொரு வர்ணமாக ஒற்றுவார்கள். இப்போது பெரிய கம்பெனிகள் முகத்தை டிஜிட்டலாக நேரடியாக அச்சடிப்பதால் சாயல் எவ்வளவோ மேம்பட்டிருக்கிறது. நடிகர் முகமாக இருந்தால் ஸ்டுடியோ ஒப்புதலோடு நடிகரின் ஒப்புதலும் வேண்டியிருக்கலாம். மூக்கைச் சின்னதாக்குங்கள், முடியை அடர்த்தியாக்குங்கள் என்று குறிப்பு வருவதெல்லாம் இந்தத் தொழிலில் சகஜம்.

காலத்தையும் சொல்லவேண்டும். ஓவியத்திலிருந்து கடை வரைக்கும் ஒரு வருடம், ஒன்றரை வருடம் சாதாரணம். படம் முடிவதற்கு முன்பே பொம்மையைத் தொடங்கவேண்டும் என்பதால் ஸ்டுடியோ தரும் ஓவியத்தை நம்பித்தான் வேலை நடக்கும். பிறகு படத்தில் உடை மாறிப்போகும், அந்தக் காட்சியே வெட்டுப்படும். படத்தில் இல்லாத ஆயுதத்தோடு பொம்மை நிற்பது இப்படித்தான். இதைத் தவிர்க்கத் தகவலையே பூட்டிவைத்தாலும் வேறு பிரச்சினை. 2019இல் 'தி மாண்டலோரியன்' தொடரில் வந்த குட்டிப் பச்சைக் குழந்தையை ரகசியமாக வைக்க, அதன் பொம்மைத் தயாரிப்பையே நிறுத்திவைத்திருந்தார்கள். உலகமே அதைக் கேட்ட கிறிஸ்துமஸில் கடையில் உருப்படியான பொம்மை இல்லை, 2020இல்தான் வந்தது.

1977இல் ஸ்டார் வார்ஸுக்கு நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். மீகோ வேண்டாம் என்று சொன்னதை கென்னர் எடுத்தது. மே மாதம் படம் வெடித்தது. கிறிஸ்துமஸுக்குள் ஃபிகர் தயாராக வழியில்லை. கென்னர் என்ன செய்தது தெரியுமா? காலி அட்டையையும் ஒரு சான்றிதழையும் விற்றது! அதை அனுப்பி வைத்தவர்களுக்கு 1978இல் லூக், லேயா, சூபாக்கா, ஆர்2-டி2 என்று நான்கு ஃபிகர் தபாலில் வந்தது.

படி 8: தொழிற்சாலை, பரிசோதனை, சுங்கம்

நீங்கள் தேர்ந்தெடுத்த தொழிற்சாலைக்கும் உரிமையாளரின் அனுமதி வேண்டும். டிஸ்னியிடம் ஃபாமா என்று அதற்கென்றே ஒரு அனுமதி இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் இல்லை, தீ வெளியேறும் வழி இருக்கிறது என்பதையெல்லாம் தணிக்கை செய்வார்கள். அனுமதி வராத தொழிற்சாலையில் வார்த்தால் சரக்கே கள்ளச்சரக்கு மாதிரிதான்.

பொம்மை பாதுகாப்பானதுதானா என்ற பரிசோதனைக்கு நாட்டுக்கு ஒரு தரம் இருக்கிறது: அமெரிக்காவுக்கு ஏஎஸ்டிஎம் எஃப்963, ஐரோப்பாவுக்கு இஎன் 71, இந்தியாவுக்கு பிஐஎஸ் தரச்சான்று. இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் பொம்மை விற்கமுடியாது. இறக்குமதி வரியும் 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் ஏறியது. பெட்டியில் "பெரியவர்களுக்கான சேகரிப்புப் பொருள்" என்று அச்சடித்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். பொருளைப் பார்த்தால் குழந்தை விளையாடுவதாகத் தோன்றினால் அந்த எழுத்து காப்பாற்றாது.

சுங்கத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு வழக்கைச் சொல்லாமல் விடமுடியவில்லை. அமெரிக்காவில் ஒரு காலத்தில் மனித உருவப் பொம்மைக்கு வரி 12 சதவீதம், மற்ற விளையாட்டுச் சாமானுக்கு 6.8. டாய் பிஸ் நீதிமன்றத்துக்குப் போய், எக்ஸ்-மென் பாத்திரங்கள் மனிதர்களே அல்ல, ஆகவே குறைந்த வரிதான் என்று வாதாடி 2003இல் ஜெயித்தது. எங்களையும் மனிதராக மதியுங்கள் என்று பக்கம் பக்கமாகப் போராடும் கதாபாத்திரங்கள் அவர்கள்!

படி 9: கணக்கு, தணிக்கை, முடிவு

ஒவ்வொரு காலாண்டும் எந்த ஃபிகர், எந்த நாட்டில், எத்தனை விற்றது, எத்தனை திரும்பி வந்தது என்று அறிக்கை அனுப்பி ராயல்டி கட்டவேண்டும். எதுவுமே விற்காத காலாண்டிலும் அறிக்கை போகவேண்டும். உரிமையாளர் தணிக்கையாளரை அனுப்பலாம். குறிப்பிட்ட அளவுக்கு மேல் குறைத்துக் காட்டியிருந்தால் பாக்கியோடு தணிக்கைச் செலவும் உங்கள் தலையில் விழும். கழித்துக்கொள்ள அனுமதி இல்லாத தள்ளுபடியைக் கழித்திருப்பதுதான் பெரும்பாலும் மாட்டும் இடம். திருட்டு எண்ணமே இல்லாமல் மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

காலம் முடிந்ததும் மிச்சச் சரக்கை விற்க மூன்று மாதம், ஆறு மாதம் என்று அவகாசம் இருக்கும். கேரண்டி பாக்கி இருந்தாலோ ஒப்பந்தத்தை மீறியிருந்தாலோ அந்த அவகாசம் கிடையாது. அவகாசத்தை மனதில் வைத்துக் கடைசி நேரத்தில் சரக்கைக் குவிப்பதையும் ஒப்பந்தம் தடுக்கும். அது முடிந்த பிறகு கிடங்கில் இருப்பதை அழித்துவிட்டு, அழித்ததற்குச் சான்றும் அனுப்பவேண்டும். தலை அச்சுகளையும் சின்னம் பொறித்த அச்சுகளையும் அழிக்கவோ ஒப்படைக்கவோ சொல்வார்கள்.

புதுப்பிப்பதாக இருந்தால் முடிவு தேதி வரைக்கும் காத்திருக்கவேண்டாம். அடுத்த ஃபிகருக்கே ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்பதால், கடைசி வருடம் தொடங்கும் முன்பே பேச்சைத் தொடங்கிவிடுங்கள். அதற்குள் வேறு யாராவது உரிமையாளரின் வாசலில் நின்றுகொண்டிருக்கலாம். டிஸ்னி இளவரசிகளின் பொம்மையை 2016இல் ஹாஸ்ப்ரோவிடம் பறிகொடுத்த மேட்டல், 2023இல்தான் அதைத் திரும்பப் பெற்றது.